லிசாவின் வலது கண்

மகள் லிசாவுக்குப் பேச்சு வராது என்பதை ஆம்ப்ரோஸும் ஜொவிட்டாவும் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஏற்றுக்கொள்ள முடியாதது அந்த அடிதான். காதுக்கு ஒவ்வாத சத்தம் கேட்டால் போதும், இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டு தன் கன்னப்பொட்டிலேயே குத்திக்கொள்வாள். பதினோரு வயதுப் பெண்ணின் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறதென்று, பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருக்கும் ஆம்ப்ரோஸுக்கே புரிந்ததில்லை.

அந்த அடியில்தான் போன வருஷம் இடது கண் போயிற்று. போனதே யாருக்கும் தெரியவில்லை. கண் மங்குகிறது என்று சொல்ல வாய் வேண்டுமே. இடது பக்கக் கதவில் அடிக்கடி இடித்துக்கொள்கிறாளே என்று ஜொவிட்டாவுக்குச் சந்தேகம் வந்து டாக்டரிடம் கொண்டுபோனபோது, விழித்திரை கழன்று சுருங்கி, காலம் கடந்துபோயிருந்தது. இப்போது அதே வினை வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது.

"ஆபரேஷன் பண்ணி ஒட்ட வைக்கலாம் சார்" என்றார் டாக்டர் விஜயராகவன். "ஆனா நாங்க பண்றது பாதிதான். மீதி உங்க வீட்டுல. கண்ணுக்குள்ள ஒரு எண்ணெய் விடுவோம். அது விழித்திரைய அழுத்திப் பிடிச்சுக்கணும்னா அவ கவுந்தே படுத்திருக்கணும். கை முகத்துக்குப் போகவே கூடாது. இவளால முடியுமா?"

ஜொவிட்டா மகளைப் பார்த்தாள். லிசா மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டைக் கண்ணருகே வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை அதற்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளால முடியாது டாக்டர். நாங்க முடிய வைக்கிறோம்."

அன்றிலிருந்து வீடே ஆஸ்பத்திரிக்கு ஒத்திகை பார்த்தது. மயக்க மருந்து மாஸ்க்குக்குப் பழக்க, சளிக்கு ஆவி பிடிக்கிற மாஸ்க் ஒன்றை ஆம்ப்ரோஸ் வாங்கிவந்தான். முதலில் தான் போட்டுக்கொண்டான், பிறகு ஜொவிட்டாவுக்குப் போட்டான், பிறகு குளிர்சாதனப்பெட்டியின் கைப்பிடியில் மாட்டிவைத்தான். லிசா அதைத் தூக்கி எறிந்தாள், கடித்தாள், கடைசியில் ஒருநாள் தானே எடுத்து மூக்கின் மேல் வைத்துப் பார்த்தாள். ஜொவிட்டா சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஆபரேஷனுக்கு முன்தினம், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வஜீஹா அவர்களோடு உட்கார்ந்து பேசினாள். "அவளுக்குப் பிடிச்ச வாசனை ஏதாவது இருக்கா?"

"கொத்தமல்லி" என்றான் ஆம்ப்ரோஸ். "கட்டு வாங்கிட்டு வந்தா மூஞ்சியப் புதைச்சுக்குவா."

"அப்ப கொண்டு வாங்க. தியேட்டர் வாசல் வரைக்கும் நீங்களும் வாங்க. தூங்குற வரைக்கும் கூடவே இருங்க."

மறுநாள் பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு ஆம்ப்ரோஸ் மகளை மடியில் வைத்துக்கொண்டான். கொத்தமல்லித் தழையைக் கசக்கி அவள் மூக்கருகே பிடித்தான். வஜீஹா அவசரப்படவே இல்லை. லிசா விரல்களை மோந்து, அப்பாவின் அங்கியை மோந்து, மாஸ்க்குக்குள்ளும் மோந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உடம்பு கனத்தது. தலை அவன் தோளில் சாய்ந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"சார், நாங்க பாத்துக்கறோம்" என்று வஜீஹா மெதுவாகச் சொன்ன பிறகுதான் கொடுத்தான்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. விழித்திரை ஒட்டிக்கொண்டது என்று விஜயராகவன் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மீதிப் பாதி தொடங்கியது. முழங்கை மடங்காதபடி லிசாவின் இரண்டு கைகளுக்கும் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஹாலில் இரண்டு பெஞ்சுகளை முகம் அளவுக்கு இடைவெளி விட்டுப் போட்டு, மெத்தை விரித்து, அவளைக் கவிழ்த்துப் படுக்கவைத்தார்கள். சும்மா தரையைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளை படுத்திருக்கும்? ஆம்ப்ரோஸ் பெஞ்சுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான். இடைவெளி வழியே மேலே மகளின் முகம், கீழே அவன் முகம். கன்னத்தை உப்பினான், மீசையை ஆட்டினான், நாக்கைத் துருத்தினான். அவன் எழுந்தால் ஜொவிட்டா படுத்தாள். அவர்கள் இருவரும் அந்த நாட்களில் ஒருவரையொருவர் பார்த்ததைவிடப் பெஞ்சின் அடிப்பலகையைப் பார்த்ததுதான் அதிகம்.

கண் கட்டுப் பிரித்த பிறகு, ஒரு காலையில் லிசாவின் கண் அவன் முகத்தின் மேல் வந்து நின்றது. எண்ணெய்க்குள்ளிருந்து பார்ப்பதால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அவன் மீசையை இடப்பக்கம் கோணினால் கண் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் கோணினால் வலப்பக்கம் வந்தது. பிறகு அவள் சிரித்தாள். அவள் எச்சில் ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது.

"ஜொவி! பாக்குறா! என்னப் பாக்குறா!" என்று அவன் போட்ட கூச்சலில், கீழ் வீட்டு இசக்கியம்மாள் மாடிக்கே ஓடி வந்துவிட்டாள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. லிசா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தன் வீட்டில் மிக்சி ஓடக்கூடாது என்று சட்டம் போட்டு, அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள். "எங்க முப்பிடாதி அம்மன் காப்பாத்திட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில், ஜொவிட்டா சர்ச்சுக்கு, சாயங்காலப் பூசைக்குப் போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாக வாசற்படி தாண்டினாள். ஆம்ப்ரோஸ்தான் போகச் சொன்னான்.

லிசா அன்று முனகிக்கொண்டே இருந்தாள். பார்த்தால், அட்டை உரசி வலது முழங்கையின் உட்புறம் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி, பஞ்சு வைத்துத் திரும்பக் கட்டிவிடலாம் என்று அந்த ஒரு கையை மட்டும் அவிழ்த்தான். அவள் முனகல் நின்றது. கை விடுபட்ட சுகத்தில் விரல்களை விரித்து விரித்து மூடினாள். பாவம், ஒரு நிமிஷம் இருக்கட்டும் என்று நினைத்தான்.

தெருமுனையில் சாவு மேளம் வெடித்தது. குப்பத்தில் யாரோ இறந்துபோயிருந்தார்கள். பாதை மாறி இந்தத் தெருவுக்குள் வந்துவிட்ட ஊர்வலம். மேளத்தின் மேலேயே சரவெடி. ஆம்ப்ரோஸ் பாய்ந்தான். அவன் கை போய்ச் சேர்வதற்குள் அவள் கை போய்விட்டது. கண்ணின் மேலேயே விழுந்தது. மணிக்கட்டைப் பிடித்து, அவளை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு தரையில் சரிந்தபோதும் அவளுடைய முஷ்டி அவன் பிடிக்குள் துடித்துக்கொண்டே இருந்தது.

கீழே இசக்கியம்மாள் தெருவில் இறங்கிக் கத்துவது கேட்டது. "ஏ, நிறுத்துங்கய்யா! மேல புள்ள கண்ணுக்கு ஆப்பரேசன் பண்ணிக் கெடக்கு! நிறுத்துங்க!"

"தெரியாதும்மா, இன்னா செய்ய, தெரியாம வந்துட்டோம்" என்று ஒரு குரல். அடுத்த நொடியே மேளம் நின்றது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சத்தமில்லாமல் அந்தத் தெருவைக் கடந்து போனார்கள்.

மறுநாள் காலை விஜயராகவன் நெடுநேரம் பார்த்தார். மயக்கம் கொடுத்து ஒருமுறை திறந்தும் பார்த்தார். வெளியே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "முழுசா கிழிஞ்சு போச்சு சார். இனிமே பண்றதுக்கு எதுவும் இல்ல."

"நான்தான் அவுத்தேன்" என்றான் ஆம்ப்ரோஸ்.

"ஏற்கெனவே ரொம்ப மெலிஞ்ச விழித்திரை. எப்படியும்…" என்று தொடங்கியவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். லஸ் முனை தாண்டியதும் ஆம்ப்ரோஸ் சொன்னான். "திட்டு. ஏதாவது சொல்லிடு."

"தோல் உரிஞ்சு ரத்தம் வந்துச்சுல்ல?"

"ம்."

"நான் இருந்திருந்தாலும் அவுத்துத்தான் இருப்பேன்." இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மகளின் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். ஆனால் வீடு வரும்வரை அவன் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் வெகுநாள் அவன் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

கட்டுகள் போயின. பெஞ்சுகள் திரும்பவும் சுவரோரம் போயின. லிசா வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடக்கக் கற்றுக்கொண்டாள். என்ன நடந்தது என்று அவளுக்கு யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

ஒரு மாலை ஆம்ப்ரோஸ் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். காலடி கேட்டு லிசா வந்தாள். அவன் சட்டையைப் பிடித்து, கையைத் தேடி எடுத்துக்கொண்டாள். தனக்கு வேண்டியதை அவள் கேட்கிற விதம் அது. அவன் கையைத் தண்ணீர்ப் பானைக்கோ பிஸ்கட் டப்பாவுக்கோ இழுத்துப் போவாள். இப்போது சுவரைத் தடவிக்கொண்டே ஹாலின் மூலைக்கு இழுத்துப் போய், அவன் விரலை லைட் சுவிட்சின் மேல் வைத்தாள்.

அவன் போட்டான். குழல்விளக்கு எரிந்தது.

லிசா முகத்தை மேலே தூக்கிக் காத்திருந்தாள். பிறகு அவன் விரலைத் திரும்பவும் சுவிட்சில் வைத்து அழுத்தினாள்.

அணைத்தான். போட்டான். அவள் காத்திருந்தாள். கோபமில்லை, அழுகையில்லை. அப்பாவுக்கு இது சரியாகப் போடத் தெரியவில்லை என்பதுபோல, பொறுமையாக, அவன் விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

அறைக்குள்ளிருந்து வந்த ஜொவிட்டா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "போதும்ங்க" என்றாள். "வேணாம். வந்துடுங்க."

"அவளா விடட்டும்" என்றான் ஆம்ப்ரோஸ்.

ஜொவிட்டா வந்து அவன் பக்கத்தில் நின்றாள். லிசா மறுபடியும் அவன் விரலை எடுத்து வைத்தாள். அவன் போட்டான்.