பெட்டிமேல் எழுதிய பெயர்

மீரா சாகிபு தகரப் பெட்டியைச் சாய்த்து இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினார். வெள்ளைப் பெயிண்ட். இலங்கைக்குப் போகிறவர்களின் பெட்டிகளில் பெயர் எழுதுவதற்காகவே இராமநாதபுரம் ரயிலடிக்கு எதிரே, கப்பல் டிக்கெட் ஏஜெண்டின் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர். பூமயில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஐந்தாவது வரை படித்தவள். 'இராம' என்று வந்ததும் ஊர்ப் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார் என்று நினைத்தாள். அடுத்து 'லட்சுமி' வந்தது. அதோடு முடிந்தது. கீழே ஒரு கோடு இழுத்து 'தலைமன்னார்' என்று எழுத ஆரம்பித்தார்.

"பாய், இது எங்க அக்கா பேரு."

"சீட்டுல இருக்குறதத்தாம்மா எழுதுறேன். நானா பேரு வைக்கிறேன்?" என்றார் திரும்பாமல்.

"அக்கா செத்து நாலு மாசம் ஆச்சு."

அவர் கை நின்றது. வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார். பிறகு தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு அவளையும் குழந்தையையும் ஒருமுறை பார்த்தார். "பெயிண்டு இன்னும் ஈரமாத்தான் இருக்கு. இப்பன்னா துணிய வச்சுத் துடைச்சிரலாம். காஞ்சுட்டா மண்ணெண்ணெய்க்கும் அசையாது. வெரசா உள்ள போயிக் கேட்டுட்டு வா."

உள்ளே ஏஜெண்டு முனியசாமி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எதிரே பெஞ்சில் பூமயிலின் அய்யா வீரையா, துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, உட்காரச் சொன்னதற்காக மட்டும் உட்கார்ந்திருந்தார். முதுகுளத்தூருக்குத் தெற்கே மிளகாய்க் காட்டை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். மாசி மாதம், பழம் எடுக்கிற நேரம். மகளை மண்டபம் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு மறு வண்டியில் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் மனத்தில் இருந்தது.

"டிக்கெட்டுல பேரு தப்பா இருக்கு," என்றாள் பூமயில்.

முனியசாமி ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. "நான் எழுதலத்தா. மதுரையில பெரிய ஏஜெண்டு இருக்காக, அவுகதான் எழுதுனது. நான் அவுக அனுப்புறத வாங்கிக் குடுக்குற ஆளு."

"அப்ப அவுகளுக்கு எழுதி மாத்தச் சொல்லுங்க."

"அவுக கொழும்பக் கேப்பாக. கொழும்புல அவுக ஆளு பெர்மிட்டு ஆபீசக் கேப்பாரு. பெர்மிட்டுல இருக்குற பேருதான் டிக்கெட்டுல வரும். பெர்மிட்டு உங்க அக்காளுக்குப் போன வருசம் எடுத்தது. இன்னும் மூணு மாசம் செல்லும்."

"செத்தவளுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"ஏ, என்னத்தா நீ," என்று சிரித்தார் முனியசாமி. "வீரையாண்ணே, உங்க மக வக்கீலுக்குப் படிச்சிருக்கா." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "தப்புன்னு நெனச்சுத்தான் நானும் மொதல்ல மதுரைக்கு எழுதுனேன். அதுக்கு உன் வீட்டுக்காரரு இலங்கையிலருந்து கைப்பட எழுதுன பதிலு இது. நான் படிக்கிறேன் கேளு."

"நானே படிக்கிறேன்."

அக்காவைக் கட்டியிருந்த சின்னக்கருப்பனின் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அக்காவுக்கு வந்த கடிதங்களை எல்லாம் அக்காவுக்கு வாசித்துக் காட்டியவள் அவள்தான். நான்கே வரிகள். என் சம்சாரம் இராமலட்சுமிக்கு எடுத்த பெர்மிட்டு இருக்கிறது. அதிலேயே அனுப்பி வைக்கவும். புதிதாக எழுதினால் ஒரு வருடம் ஆகும். கடையில் சமையலுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பூமயில் இன்னொரு முறை படித்தாள். அவள் பெயர் எங்கும் இல்லை.

தை மாதம் பத்து நாள் லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போனவன். அக்கா செத்தால் தங்கச்சியைக் கொடுப்பது ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அக்காவின் சேலைகள் வந்தன. அக்காவின் கொலுசு வந்தது. கணுக்காலில் தளர்ந்துபோய் நடக்கும்போது குதிகாலில் இடித்தது. அக்காவின் குழந்தை உமையாள் வந்தது. ரெண்டரை வயது, இன்னும் சின்னாத்தா என்றுதான் கூப்பிடுகிறது. ஒவ்வொன்றும் வரும்போது இது கடைசி என்று நினைத்துக்கொண்டாள்.

"அங்கன போனபெறகு மாத்திக்கலாமா?" என்று கேட்டாள்.

"அங்கன போயி மாத்துனா கள்ளப் பேர்ல வந்தவன்னு திருப்பி அனுப்பிருவான். கடைசி வரைக்கும் இந்தப் பேருதான். ஆஸ்பத்திரிக்குப் போனா, ரேஷன் அரிசிக்குப் போனா, நாளைக்கு உனக்கு ஒண்ணு பொறந்து பதிஞ்சா, எல்லாத்துக்கும் இராமலட்சுமி. பழகிரும். வயசு இருபத்தாறுன்னு போட்டுருக்கு, கேட்டா அப்புடியே சொல்லிரு."

அவளுக்குப் பத்தொன்பது.

"என் பேர்லயே எடுக்கணும்னா?"

"உங்க அக்கா செத்துட்டான்னு ஊர் முன்சீப்பு எழுதுன காகிதம் வேணும். அது இருந்தா நாளைக்கே எழுதிப் போடுறேன். ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. அது வரைக்கும் உன் வீட்டுக்காரரு பொறுத்திருப்பாரா, இல்ல அங்கனயே ஒருத்திய வச்சுக்கிருவாரா, அதுக்கு நான் ஏஜெண்டு இல்ல." அய்யாவின் பக்கம் திரும்பினார். "காகிதம் இருக்காண்ணே?"

வீரையா துண்டைப் பிரித்தார், மறுபடி சுருட்டினார். "எழுதல," என்றார்.

"நாலு மாசமாவா?"

"போனேன். முன்சீப்பு பொஸ்தகத்த விரிச்சுவச்சு, செத்தது யாரு, பேரச் சொல்லுன்னாரு. நான் வச்ச பேரு. வாயில வரல. நாளைக்கு வாரேன்னுட்டு வந்துட்டேன்." மடியிலிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பெறகு காட்டு வேலை," என்றார்.

வாசலில் ஜட்கா ஒன்று வந்து நின்றது.

"பேருல என்னாத்தா இருக்கு," என்றார் வீரையா, மகளைப் பார்க்காமல். "போயிச் சேரு. பிள்ளைக்கு அய்யா வேணும்."

பூமயில் வெளியே வந்தாள். மீரா சாகிபு பழந்துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "துடைக்கவா, விடவா?"

அவள் எழுத்துகளைப் பார்த்தாள். அழகாகத்தான் எழுதியிருந்தார். அக்காவின் பெயரை இவ்வளவு பெரிதாக யாரும் எங்கும் எழுதியதில்லை. "விடுங்க," என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பெட்டியைத் தலைமன்னார் வரைக்கும் பதிந்து ரயிலின் கடைசியில் இருந்த சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ரயில் நகர்ந்ததும் அய்யா குழந்தைக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "சின்னாத்தா இல்ல. ஆத்தா. எங்க சொல்லு. ஆத்தா." உமையாள் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. உச்சிப்புளி தாண்டியதும் உப்புக் காற்று வந்தது. பூமயில் உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்தாள். இராமலட்சுமி. இருபத்தாறு. இராமலட்சுமி. சத்தமாகச் சொல்லாதவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், கதவுவரை போய்த் திரும்பினாள். கொலுசு குதிகாலில் இடித்தது. குனிந்து இரண்டையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மண்டபம் ஸ்டேஷனில் இலங்கைக்குப் போகிறவர்களை எல்லாம் இறக்கிக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார்கள். காகிதம் சரியாக இருந்தால் மறுபடி ஏறிக்கொள்ளலாம். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா வயதானவர், கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இராமலட்சுமி. கூட பொம்பளப் பிள்ளை ஒண்ணு."

அவள் முன்னால் போனாள்.

"பேரு?" என்றார். வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுதான்.

பின்னால் அய்யாவின் மூச்சு கேட்டது.

"பூமயில்."

குமாஸ்தா நிமிர்ந்தார். "அப்ப இராமலட்சுமி யாரு?"

"எங்க அக்கா. ஐப்பசியில செத்துப்போச்சு. மஞ்சக்காமாலை."

"ஏத்தா, பைத்தியமா ஒனக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "வண்டி நிக்கிதும்மா, வெரசாச் சொல்லித் தொலை." குமாஸ்தா கையை உயர்த்தி அவரை அடக்கினார். தணிந்த குரலில், "யம்மா, நான் கேட்டது காதுல விழலன்னு வச்சுக்கிறேன். இன்னொரு தடவ கேக்கவா?" என்றார்.

நல்ல மனுஷன்தான். அவள் உமையாளை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எத்தன தடவ கேட்டாலும் பூமயிலுதான்."

"அப்ப இது செல்லாது."

"ஏன் செல்லாதுன்னு எழுதிக் குடுங்க."

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு டிக்கெட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுதினார். பேனா தாளில் உரசுவது கேட்டது. பயணி இராமலட்சுமி இறந்துவிட்டார். தேதி, கையெழுத்து. அவள் ஓரமாகப் போய் நின்று அதைப் படித்தாள். "அக்கா செத்துட்டான்னு எழுதியிருக்காக," என்று அய்யாவிடம் நீட்டினாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இனி அக்கரையில இருக்குற அந்தப் பய என்ன எழுதுவானோ," என்றார்.

"எழுதட்டும். யாருக்கு எழுதுறான்னு பாப்பம்."

ரயில் ஊதியது. அப்போதுதான் அவளுக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அய்யா துண்டை வீசிக்கொண்டு பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் ஓடினார். கார்டு பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே, இறக்க முடியாது என்று கையை விரித்தார். மாற்றிக் கட்ட ஒரு சேலைகூட இல்லை. அக்காவின் சேலைகள், குழந்தையின் சட்டை, இந்த வருசத்து மிளகாய் ரெண்டு படி, எல்லாம் உள்ளே.

மணல் மேட்டில் ஏறி நின்றால் கடல்மேல் போகிற ரயில் பாலம் தெரிந்தது. காற்று பலமாக இருந்ததால் ரயில் ஊர்ந்துதான் போனது. உமையாள் கடலைப் பார்த்ததில்லை. அதற்கு ரயில் தண்ணீருக்கு மேல் போவதாகத் தெரிந்திருக்க வேண்டும், கை தட்டியது. தனுஷ்கோடியில் கூலிக்காரர்கள் அந்தப் பெட்டியைக் கப்பலில் ஏற்றுவார்கள். அந்திக்குள் அது அக்கரை போய்விடும். துறையில் எல்லோரும் அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, யாரோ ஒருவர் வெள்ளை எழுத்தைக் குனிந்து வாசித்து, இராமலட்சுமி யாரு, இராமலட்சுமி, என்று கூப்பிடுவார். கூட்டம் கலைந்துகொண்டிருக்கும். அவர் இன்னொரு முறை கூப்பிடுவார்.