வலையோடு கிளம்பிய நான்கு செடிகள்

ஹெட்லி பார்டியைக் கட்டிக்கொண்டு எனக்கு முப்பத்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அதில் முப்பத்தொரு வருடம் அவன் கடலில் நண்டுக்கூடு இழுத்தான். மீதி மூன்று வருடமும் வலது தோளைப் பிடித்துக்கொண்டு என் சமையலறையில் நின்றபடி, நான் உருளைக்கிழங்கு தோல் சீவுவதில் குற்றம் கண்டுபிடித்தான். வலி மாத்திரைகள் அவன் வயிற்றைப் புண்ணாக்கின. கடைசியில் கிளினிக் நர்ஸே, "கஞ்சா எண்ணெய் போட்டுப் பாரேன் ஹெட்லி, இப்பதான் சட்டமே விட்டுடுச்சே" என்று சொல்லிவிட்டாள்.

கடையில் வாங்க அவனுக்கு மனமில்லை. "ஆயுசுல நான் மீனை வாங்கித் தின்னதில்ல. இதை மட்டும் வாங்குவேனா?" என்றான். சட்டப்படி ஒரு வீட்டுக்கு நான்கு செடிதான். ஹெட்லி சரியாக நான்கு நட்டான். ஒருமுறை படகில் காட் மீன் அளவுக்கு மேல் இரண்டு இருந்ததற்காக அதிகாரிகள் படகையே பறித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவன் எதையும் இரண்டு முறை எண்ணாமல் விடமாட்டான்.

எங்கள் கேனட் கோவ் குளிர்ந்த கடலோர ஊர், வெளியே எதுவும் விளையாது. கோசும் டர்னிப்பும் விளைந்தாலே பெரிய விஷயம். அதனால் வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய சின்ன அறையில், உப்பு மாட்டிறைச்சி வரும் வெள்ளை வாளிகளில் நட்டு, மேலே விளக்கு மாட்டினான். அந்த அறையின் கூரை சரிவானது, தாழ்வானது. முதல் குளிர்காலத்தில் செடிகள் கொக்கு மாதிரி வளர்ந்து விளக்கில் தலையைப் போய் முட்டின. உச்சி கருகியது. கீழ்க்கிளைகளுக்கு வெளிச்சமே போய்ச் சேராததால் அங்கே வந்ததெல்லாம் பஞ்சு மாதிரி உப்புச்சப்பில்லாத பூ. நான்கு செடியும் சேர்ந்து ஒன்றரை ஊறுகாய் ஜாடி கொடுத்தன.

என் தம்பி ஆம்ப்ரோஸ் ஜாடியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். "மச்சான், இது அறுவடையா, இல்ல சீப்புல வந்த முடியா?"

"உன் வீட்டு நாலு செடி என்ன கிழிச்சுது?"

"அது வேற விஷயம். நான் பேசுறது உன்னைப் பத்தி."

அடுத்த வருடம் நவம்பரில் ஹெட்லி யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தான். செடியை மேலே போக விடக்கூடாது, அதன் தலைக்கு மேல் வலை கட்டிப் பக்கவாட்டில் படரவிட வேண்டும். வலை என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் முகமே மாறிவிட்டது. பரணிலிருந்து வலை பின்னும் ஊசியையும் மிச்சமிருந்த ஆரஞ்சு நூலையும் எடுத்துவந்து, நான்கு விரல் அகலக் கண்ணியாக உட்கார்ந்து பின்னினான். ஒரு மூலையை நானும் பின்னிக் கொடுத்தேன். பழைய கதவு ஒன்றைத் தரையில் போட்டு, அதன் நான்கு மூலைகளிலும் மேல்நோக்கிக் கால் அடித்து, வாளிகளைப் பலகைமேல் வைத்து, வாளிகளுக்கு மேலே முழங்கால் உயரத்தில் வலையைக் கால்களில் விறைப்பாக இழுத்துக் கட்டினான்.

அதன்பிறகு தினமும் காலைத் தேநீரோடு அந்த அறைக்குள் போய்விடுவான். கண்ணிக்கு மேலே தலை நீட்டுகிற ஒவ்வொரு கொழுந்தையும் பிடித்து மெதுவாக வளைத்து, வலைக்கு அடியில் விட்டு, அடுத்த கண்ணியில் வெளியே எடுப்பான். முதல் வாரம் ஒரு தடித்த கிளையை அவன் அவசரப்பட்டு வளைத்ததில் அது 'டக்'கென்று முறிந்தது. நான்தான் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டினேன். பத்து நாளில் அந்த இடம் முட்டி மாதிரி தடித்து, மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக வளர ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் வலை நிறைந்துவிட்டது. எது எந்தச் செடியின் கிளை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜனவரியில் விளக்கு எரியும் நேரத்தைத் தினம் பன்னிரண்டு மணியாகக் குறைத்ததும் கண்ணிக்கு ஒன்றாகப் பூக்கள் நிமிர்ந்து நின்றன. எல்லாம் ஒரே உயரம். வெட்டிவிட்ட புல்தரை மாதிரி இருந்தது. ஹெட்லி வாசலில் நின்று எண்ணுவான். "அறுபத்தி மூணு, டல்சி! போன வருஷம் விளக்குக் கம்பம் மாதிரி வளந்து செடிக்கு ஒரு பூ பூத்த வீடு இது, இப்ப அறுபத்தி மூணு!"

எல்லாம் நன்றாக இருந்தது, பக்கத்து வீட்டு மேவிஸ் ஹைன்ஸ் அக்காவைத் தவிர. அறையின் காற்றை வெளியே தள்ளும் குழாயை ஹெட்லி நேராக அவர் துணிக்கொடியைப் பார்த்து வைத்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மேவிஸ் அக்காவின் பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க, அவர் தன் பாவாடையை முகர்ந்து பார்த்திருக்கிறார். அன்றே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஹெட்லி பார்டி, நான் அறுபத்தாறு வருஷமா சோப்பு வாசனையோட ஜெபம் பண்ணினவ. இன்னைக்கு நரி மூத்திர வாசனையோட பண்ண வெச்சிட்ட."

ஹெட்லி குழாயை மறுபக்கம் திருப்பிவிட்டான். ஆனாலும் அக்கா எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை உறைமழை பெய்தது. மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் மின்கம்பிகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் அறுந்தன. விரிகுடா முழுக்க மின்சாரம் இல்லை. நான்கைந்து நாளாகும் என்று ரேடியோ சொன்னது. எங்கள் வீட்டில் எல்லாம் மின்சார ஹீட்டர்தான். விறகு அடுப்பை மூன்று வருடத்துக்கு முன்பே கழற்றிப் போட்டுவிட்டோம். இரண்டு மணிக்கெல்லாம் பின்னறையில் என் மூச்சு புகையாகத் தெரிந்தது.

ஆம்ப்ரோஸ் ஓடிவந்தான். "என் வீட்ல அடுப்பு எரியுது மச்சான். தூக்கிட்டு வா."

"உன் வீட்ல ஏற்கெனவே நாலு இருக்கு. நாலும் நாலும் எட்டு. சட்டம் நாலுதான்."

"இந்தப் பனியில எவன்யா வந்து எண்ணப்போறான்?"

"நான் எண்ணுவேன்" என்றான் ஹெட்லி.

சுற்றிச்சுற்றிப் பார்த்தால், இழுத்துக்கொண்டு போகிற தூரத்தில் விறகு அடுப்பும் இருந்து கஞ்சாச் செடி இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். மூன்று பேரும் ஜன்னல் வழியாக அந்த வீட்டின் புகைபோக்கியைப் பார்த்தோம். பிறகு அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் போய்க் கதவைத் தட்டினேன். மேவிஸ் அக்கா கையில் மாவோடு திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். பாதியில் நிறுத்தினார்.

"எத்தனை செடி?"

"நாலு, அக்கா."

"என் வீட்ல எத்தனை இருக்கலாம்?"

"சட்டப்படி நாலு."

"பூச்சி கீச்சி?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப ஒவ்வொண்ணா எடுத்துட்டு வரவேண்டியதுதானே? வாசல்ல நின்னு என் வீட்டுச் சூட்டை ஏன் வெளிய விடுற?"

"ஒவ்வொண்ணா வராது அக்கா. நாலும் ஒரே வலையில பின்னிக் கிடக்கு. பிரிச்சா ஒடிஞ்சிடும்."

அக்கா கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்தார். "முன்வாசலைத் திறக்கறேன். சவப்பெட்டி நேரா வெளிய போகணும்னு எங்கப்பா அகலமா வெச்ச வாசல். உயிரோட எதாவது அது வழியா வரட்டும்."

அவர் வீட்டு வாசல் அகலம். எங்கள் அறையின் வாசல் அகலமில்லை. கதவுப் பலகை, கால்கள், வலை எல்லாம் சேர்ந்து வாசலைவிட ஒரு முழம் பெரிதாக இருந்தது. சாய்க்கவும் முடியாது. ஹெட்லி அளந்தான், தலையைச் சொறிந்தான், வெளியே போனான். திரும்பி வரும்போது கையில் சங்கிலி ரம்பம்.

"ஹெட்லி, அது என் சுவரு!"

"பின்பக்கம் ஒரு கதவு வேணும்னு பதினோரு வருஷமா கேக்கறேல்ல?" என்று சொல்லி ஜன்னலுக்குக் கீழே அறுக்க ஆரம்பித்தான்.

ரம்பத்தின் சத்தம் ஊருக்கே கேட்டது. மின்சாரமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கால் மணி நேரத்தில் எங்கள் கொல்லையில் பதினாறு பேர். இடம் மாற்ற மரவீடுகளையே கயிறு கட்டிப் பனிமேல் இழுத்துப் பழகிய ஊர் எங்களுடையது. அந்தக் கயிறுகள் இன்னமும் யார் யார் கொட்டகையிலோ கிடந்தன. ஒருவன் விறகு ஏற்றும் சறுக்குவண்டியைக் கொண்டுவந்தான். மோட்டார் வண்டியால் இழுத்தால் குலுங்கும் என்று ஹெட்லி மறுத்துவிட்டான். கையால்தான் இழுக்கவேண்டும்.

ஆறு பேர் பலகையைத் தூக்கி, சுவரின் புது ஓட்டை வழியாக மெல்ல வெளியே எடுத்துச் சறுக்குவண்டியில் வைத்தார்கள். நான் எங்கள் கட்டில் போர்வை நான்கையும் பலகையின் கால்கள்மேல் கூடாரமாகப் போர்த்தி, மேவிஸ் அக்கா அடுப்பில் காய்ச்சிக் கொடுத்த வெந்நீர்ப் பைகளை வாளிகளுக்கு நடுவில் செருகினேன். ஹெட்லி போர்வைக்குள் தலையை விட்டபடி கூடவே நடந்தான். வெளியே அவன் பின்புறம் மட்டும்தான் தெரிந்தது.

ஆம்ப்ரோஸ் முன்னால் நின்று பாட்டெடுத்தான். வீடு இழுக்கிற மெட்டு, சொற்கள் மட்டும் அவனுடையவை.

"மச்சான் தலை உள்ள இருக்கு!"

"இழு, ஹோ!" என்றார்கள் எல்லோரும்.

"மத்ததெல்லாம் வெளிய இருக்கு!"

"இழு, ஹோ!"

"எங்கக்கா சுவத்துல காத்து ஊதுது பாரு!"

"இழு, ஹோ!"

நான் சிரித்துச் சிரித்து, கண்ணில் வந்த தண்ணீர் இமையிலேயே உறைந்தது. எழுபது அடி தூரம். இரண்டு இடத்தில் வழுக்கினார்கள், ஒருவன் உட்கார்ந்தே போய்விட்டான், ஆனால் வண்டி சாயவில்லை. மேவிஸ் அக்கா அகன்ற கதவைத் திறந்துவைத்து, அதிகாரி மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார். செடிகள் நேராக வரவேற்பறைக்குள் போயின. பாதிரியார் வந்தால் மட்டும் உட்காரும் அறை அது. தெற்கு ஜன்னல் ஓரத்தில், பியானோவுக்கும் அவருடைய கல்யாணப் படத்துக்கும் நடுவில் வைத்தார்கள். போர்வையை எடுத்தோம். ஓரத்தில் ஒரு கைப்பிடி இலை மட்டும் கருத்திருந்தது. ஹெட்லி எண்ணினான். அறுபத்து மூன்று.

மேவிஸ் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பூவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"கண்ணி எல்லாம் நல்லா இருக்கு. இந்த மூலையை யாரு பின்னினது?"

"நான்தான், அக்கா."

"தெரியுது" என்றார். பெட்டியிலிருந்து தன் சொந்த ஊசியை எடுத்து, என் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டினார். பதினான்கு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அவர் அப்பாவுக்குக் குளிர்காலம் முழுக்க வலை பின்னியவராம். எனக்கு அதுவரை தெரியாது.

அந்த நான்கு நாளும் நாங்கள் அவர் வீட்டிலேயே இருந்தோம். பூக்கிற செடிக்கு ராத்திரி முழு இருட்டு வேண்டும் என்று ஹெட்லி ஒருமுறைதான் சொன்னான். அதன்பிறகு சாயங்காலம் ஐந்தரைக்கு அக்கா திரையை இழுத்து, கதவைச் சாத்தி, மண்ணெண்ணெய் விளக்கின் ஒளி உள்ளே போகாமல் கதவடியில் துண்டைத் திணித்துவிடுவார். காலை ஏழுக்குத் திரையைத் திறந்து, "என்ன பிள்ளைங்களா, தூங்கினீங்களா?" என்பார். சாய்ந்து நின்ற பூக்களை வலையில் நிமிர்த்திவிடுவார். நாங்கள் சமையலறையில் மீனும் பன்றிக்கொழுப்பும் வறுத்துத் தின்றுகொண்டு சீட்டாடினோம். அக்கா மோசமாக ஏமாற்றுவார் என்றும் தெரிந்துகொண்டேன்.

"வாசனை பரவாயில்லையா, அக்கா?" என்று ஆம்ப்ரோஸ் சீண்டினான்.

"வீட்டுக்குள்ள இருந்தா அது வாசனை. கொடியில இருந்தாதான்டா நாத்தம்."

ஐந்தாம் நாள் மின்சாரம் வந்தது. ஹெட்லி கயிற்றோடு போய் நின்றான். அக்கா வரவேற்பறை வாசலை மறித்துக்கொண்டார்.

"எங்க தூக்கிட்டுப் போற?"

"வீட்டுக்கு."

"ரெண்டாவது தடவை குளிர்ல இழுத்தா செத்துடும். இன்னும் எத்தனை வாரம்?"

"மூணு, நாலு."

"விளக்கைக் கொண்டுவந்து இங்க மாட்டு. போய் முதல்ல உன் பொண்டாட்டிக்கு அந்தக் கதவை ஒழுங்கா வெச்சுக் குடு. வீட்டு வழியா ரெண்டு முயல் போயிருக்கு."

விளக்கு கல்யாணப் படத்துக்கு மேலே தொங்கியது. பாதிரியார் ஒருநாள் வந்தபோது அக்கா அவரை அதே அறையில் அதே நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவர் ரொம்ப நேரம் செடிகளைப் பார்த்துவிட்டு, வலை யார் பின்னியது என்று மட்டும் கேட்டாராம்.

மார்ச் நடுவில் அறுத்தோம். கிளைகள் வலையோடு பின்னிக் கிடந்ததால் உருவ முடியவில்லை; கண்ணி கண்ணியாகக் கத்தரித்து எடுக்கவேண்டியிருந்தது. நாங்கள் நான்கு பேரும் மதியத்திலிருந்து சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இலை களைந்தோம். விரல்களில் தார் மாதிரி பிசின். காய்ந்து முடிந்ததும் பதினோரு ஜாடி தேறியது. அந்த எண்ணெய் போட்டதிலிருந்து ஹெட்லி இப்போது வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறான். மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் முகம் என் பக்கம் திரும்பித் தூங்குகிறது. ஆனால் இதெல்லாம் பிறகு.

அன்றைக்குக் கடைசிக் கிளையைக் களைந்து முடித்ததும் ஆம்ப்ரோஸ் கையைத் துடைக்காமலேயே அக்கார்டியனை எடுத்து மாட்டினான். வேகமான ஆட்டப் பாட்டுத்தான் வாசித்தான். ஆனால் விரல் பிசின் பட்டு, அழுத்திய கட்டை ஒன்றும் மேலே வராமல் ஒட்டிக்கொண்டது. பாட்டு மாடு கத்துவது போல இழுத்தது. அவன் ஒரு கட்டையைப் பிய்க்க, அடுத்தது ஒட்டியது.

"நிறுத்தாதேடா!" என்றார் மேவிஸ் அக்கா. பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஹெட்லியை இழுத்துக்கொண்டு, அந்த ஒட்டிப்போன பாட்டுக்கே காலைத் தட்டி ஆட ஆரம்பித்தார்.