கம்பிவலைக்கு உள்ளே அருணகிரி

1

இந்தக் கதை கிடைத்தது எங்கள் பம்புசெட் தொட்டியில். துணி அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காட்டில் அருணகிரி அண்ணன் போட்டிருக்கும் கோழிப்பண்ணையிலிருந்து பேச்சுக் கேட்டது.

"ஏனுங்க, எல்லாரும் தண்ணி குடிக்கறாங்க. நீங்க மட்டும் ஒதுங்கி நின்னா எப்படிங்க? வாங்க, குடிங்க."

யாரோ விருந்தாளி என்று எட்டிப் பார்த்தேன். கம்பிவலைக்குள் அவரையும் வெள்ளைக் கோழிகளையும் தவிர யாரும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. நின்றுபோன அந்தப் பாதியைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

(நான் எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அருணகிரியின் பேச்சை என்னால் எழுத முடியுமோ என்னவோ, அவர் பேசாமல் இருப்பதை எழுத முடியும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மாலை வெயில் பட்டுக் கொல்லிமலை பொன்னாக

அடித்துவிட்டேன். அருணகிரி மலையைப் பார்ப்பதே இல்லை. அடுத்தது:

புதிதாகத் தொழில் தொடங்குகிறவன் முதலில் இழப்பது

இதுவும் வேண்டாம். மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அருணகிரி லாரி ஓட்டியவர். ஐதராபாத் பக்கம் லோடு இறக்கப் போன இடத்தில், ஒரே கொட்டகைக்குள் கோழிகள் கூட்டம் கூட்டமாக முட்டையிடுவதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் லாரியில் இருந்த தம் பங்கை விற்றுக் கொட்டகை போட்டார். எழுபத்தெட்டாம் வருடம் எங்கள் ஊரில் அது புதுசு. டீக்கடையில் மாதையன் சும்மா விடவில்லை.

"ஏப்பா அருணகிரி, கோழிக்கு ஊடு கட்டிக் குடி வெக்கறியாமா?"

"உன்ற ஊட்டவிட நல்லாருக்கும். நீயும் வேணா வந்து ஒரு மூலையில படுத்துக்க."

கடையே சிரித்தது. அப்போது அவருக்கு வாயும் இருந்தது, பசியும் இருந்தது.

3

சௌந்திரம் அவர் மனைவி. அவளுடைய தம்பி வேலுமணி பண்ணையைப் பார்க்க வந்தான். மச்சான் வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படி வருவது? விருந்துக்கென்று ஒரு நாட்டுச் சேவலைப் பிடித்து வந்தான். எங்கள் பக்கம் அது மரியாதை. சேவலைக் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு, இருவரும் ஊர்க்கதை பேசினார்கள். சேவல் தூங்கி வழிந்தது.

"பஸ்ல வந்த அசதியாட்ட இருக்குதுங்க மச்சான்" என்றான் வேலுமணி.

மாலையில் அது குழம்பாகிவிட்டது. வாரம் திரும்புவதற்குள் கொட்டகையில் வெள்ளைக்கழிச்சல். சேவலோடு வந்த அந்தச் சீக்கு ஒரு கோழியையும் விட்டுவைக்கவில்லை. அருணகிரி தாமே குழி வெட்டிப் புதைத்தார்.

(அவர் அழுதார் என்று எழுதியிருந்தேன். பார்க்காததை எழுதக் கூசுகிறது. எடுத்துவிட்டேன்.)

மறுபடி குஞ்சு இறக்கியபோது ஒரு சட்டம் போட்டார். நாட்டுக்கோழி இருக்கும் வீட்டு ஆள் பண்ணைக்குள் வரக்கூடாது. அவரும் அந்த வீட்டுக்குப் போகமாட்டார். கோழிக்கு நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் ஊரில் நாட்டுக்கோழி இல்லாத வீடு ஏது? டீக்கடைக்குப் பின்னாலேயே இரண்டு மேயும். டீக்கடை நின்றது. காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் நோம்பி எல்லாம் நின்றன. கடைசியில் சொந்த வீடும் நின்றது. சௌந்திரம் சோற்றுப் போசியைக் கம்பிக்கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள்.

4

இந்த இடத்தில் எனக்கு அருணகிரி மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவர் பயந்தவரா, பிடிவாதக்காரரா? முதலில் பிடிவாதம் என்று எழுதினேன். பிடிவாதக்காரர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள். இவர் போசியில் பாதிச் சோறு அப்படியே திரும்புகிறது. சட்டை தோளில் கொடியில் போட்டது போலத் தொங்குகிறது.

ஒருநாள் மார்பு படபடவென்று அடித்து நாமக்கல் டாக்டரிடம் போனார். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுங்கள், வீட்டில் படுத்துத் தூங்குங்கள், மனுசர்களோடு பேசுங்கள் என்றாராம் டாக்டர். அருணகிரி திரும்பி வந்து, வெளிச்சீக்கு ஒட்டி வராதபடி சுண்ணாம்புத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோழிகளுக்குக் கலக்கிய வைட்டமின் தண்ணீரில் தாமும் ஒரு டம்ளர் குடித்தார்.*

* இது கற்பனை இல்லை. பார்த்தேன்.

5

உச்சி வெயிலில் சௌந்திரம் வந்தாள். கையில் போசி இல்லை.

"ஏனுங்க."

"அவத்தயே நில்லு. கதவுகிட்ட வராத."

"நிக்கறனுங்க. நின்னு நின்னு கம்பமாட்ட ஆயிட்டேன். உங்க மவ கேக்கறா, அப்பன் எந்த ஊருக்கு லோடு போயிருக்குதுன்னு."

அருணகிரி சிரிக்கப் பார்த்தார். பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"இதுல ஒரு கோழி இப்படித் தீனி எடுக்காம மூலையில நின்னா உட்டுருவீங்களா?"

"அதுகளப் பாக்க நான் இருக்கறேன்."

"உங்களப் பாக்க?"

அவர் தரையில் கிடந்த உமியைக் காலால் நிரவினார்.

"நம்மூட்டுக் கோழி அத்தனையும் சந்தைக்குக் குடுத்துப்போட்டனுங்க. கூண்டையும் அடுப்புல வெச்சு எரிச்சாச்சு. இப்ப அங்க நானும் புள்ளயுந்தான். வந்து ஒரு வாய் உண்டுட்டுப் படுங்க. சீக்கு எங்கிருந்துங்க வரும்?"

அருணகிரியின் கை தாழ்ப்பாளைத் தொட்டது. விரல்கள் அதைப் பிடித்தன. அப்புறம் கேட்டார்:

"பக்கத்து ஊட்டுல இருக்குதே, சௌந்திரம்?"

6

பக்கத்து வீடு எங்கள் வீடு. அம்மாவின் செவலைக்கோழி குஞ்சு பொரித்திருக்கிறது.

முடிவு ஒன்று: கதவு திறக்கிறது. எழுதிப் பார்த்தேன். வாசற்படி வரை வந்தவர், செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் பார்த்துக்கொண்டு

முடிவு இரண்டு: சௌந்திரம் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடக்கிறாள். வேண்டாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

முடிவு மூன்று: துணி துவைக்கும் பெண் எழுந்து, "எங்க கோழியவும் குடுத்தர்றோமுங்க" என்கிறாள். அவளுக்குக் கதையில்கூடக் குரல் எழும்பவில்லை. எழும்பினாலும் அவர் அடுத்த வீட்டைக் கேட்பார். அதற்கடுத்த வீட்டையும் கேட்பார். ஊர்க் கோழிகளையெல்லாம் பேனாவால் என்னால் அடித்துவிட முடியும். அவருடைய பயம் எந்த வரியில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

ஆகவே சௌந்திரத்தின் பதிலை நீங்களே சொல்லுங்கள். அவள் வெயிலில் நிற்கிறாள். அவர் கை இன்னும் தாழ்ப்பாளில்தான் இருக்கிறது. அழகான வாக்கியமாக இருக்கவேண்டும் என்பதில்லை. சீக்கிரம் சொன்னால் போதும். காலையிலிருந்து அவர் ஒன்றும் உண்ணவில்லை.