நெற்றிக்காசு

சில்லறை என்று யார் கேட்டாலும் ராம்கியின் கை தானாக நீண்டுவிடும். தஞ்சாவூர்–திருவையாறு தனியார் பஸ்ஸில் ஒன்பது வருடமாகக் கண்டக்டர். அண்ணன் செத்துக் கிடந்த அன்றும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

"யாராச்சும் ஒரு ரூபா காசு குடுங்கப்பா, நெத்தியில வைக்கணும்" என்றாள் சித்தி பிரகதாம்பாள். ராம்கி சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். சித்தி அண்ணனின் நெற்றியில் சந்தனத்தை அப்பி, காசை அழுத்தி ஒட்டினாள். அப்புறம்தான் அவனுக்குச் சுரீரென்றது.

அது காலை முதல் டிரிப்பில் வந்த காசு. ராம்கிக்குக் காசு சேர்க்கும் பைத்தியம் உண்டு. ராஜா காலத்துக் காசெல்லாம் இல்லை, பயணிகள் கொடுக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்தான். வருடத்துக்குக் கீழே டைமண்ட் இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். பிடித்ததை எடுத்துக்கொண்டு, வசூல் பைக்குள் தன் காசைப் போட்டுவிடுவான். அதில் மட்டும் ரொம்ப யோக்கியன். அவன் பிறந்த வருடத்து ஒரு ரூபாயில் நட்சத்திரம் போட்டது மட்டும் ஆறு வருடமாகக் கண்ணாமூச்சி காட்டியது. விற்றால் டீச் செலவுக்குக்கூடக் காணாது, ஆசைக்கு அதெல்லாம் தெரியுமா? கிடைத்த சந்தோஷத்தில் அதைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டு ஒரு மணி நேரம் ஆகவில்லை, போன் வந்துவிட்டது. தண்ணீர் பாய்ச்சப் போன தியாகராசன் அண்ணன் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம். அப்பா இல்லாத வீட்டில் ராம்கியை ஆளாக்கியவர் அவர்.

ராம்கி உட்கார்ந்தான். எழுந்தான். பந்தல்காரரிடம் போய் எதையோ கேட்டுவிட்டு, பதில் வருமுன் திரும்பி வந்தான். ஒவ்வொரு மாலை விழும்போதும் காசு நகர்ந்ததா என்று எட்டிப் பார்த்தான்.

"அண்ணன் மேல உசுரு. கண்ணை எடுக்குறானா பாரு" என்று மூக்கைச் சிந்தினாள் சித்தி. ராம்கிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கண் அங்கேயேதான் போனது.

நெற்றிக்காசு சுடுகாட்டு வேலை பார்க்கும் துரைராசுவுக்குச் சேரும், ஊர் வழக்கம் அது. கேட்டு மாற்றிக்கொண்டால் என்ன தப்பு? குளித்துவிட்டு வந்து ஈர வேட்டி மடியில் இன்னொரு ரூபாயைச் செருகிக்கொண்டான். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். தீச்சட்டியோடு முன்னால் நடந்தவன், வாய்க்கால் பாலம் ஏறும்போது பாடை சாய்ந்து காசு விழுந்துவிடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

குடமுருட்டி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் இறக்கினார்கள். "முகம் பாக்குறவங்க கடைசியா பாத்துக்குங்க" என்று துரைராசு மூன்று தரம் குரல் கொடுத்தார். ராம்கி வாய்க்கரிசி போட்டான். துரைராசு காசைப் பெயர்த்ததும் அவர் பின்னாலேயே நகர்ந்தான்.

"அண்ணே, அதை எனக்குக் குடுங்க. இந்தாங்க, வேற ரூபா."

"ஞாபகத்துக்கா தம்பி? தாராளமா வச்சுக்குங்க."

சந்தனத்தைத் துடைத்தான். நட்சத்திரம் இருந்தது. அவன் நிமிர்வதற்குள் வரட்டி அடுக்கி முகத்தை மூடிவிட்டார்கள்.

வீட்டில் அண்ணி வானதி கூடத்து மூலையில் கிடந்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அவனைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, வாய்க்கட்டை அவுத்தாங்களா? இங்க ரொம்ப இறுக்கிக் கட்டிட்டாங்க. துணி கன்னத்துல பதிஞ்சு போச்சு. அங்க அவுத்துடுவாங்கன்னு சொன்னாங்க. எனக்கு அதே நெனப்பா இருக்கு."

ராம்கி நினைவுபடுத்திப் பார்த்தான். அண்ணனுக்குக் கட்டு இருந்ததா? தாடி மழித்திருந்ததா? வாய் எப்படி இருந்தது? காசு தெரிந்தது, சந்தனம் தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே வரவில்லை.

"நான் பாக்கல அண்ணி."

அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள்.

"வாய்க்கரிசி போட்டது நீங்கதானே தம்பி?"