நடுவில் ஒன்பது

"ஒன்பது எங்கண்ணே?" என்று மகள் கேட்டபோது பெயிண்டர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தலைமாட்டில் நட வேண்டிய பலகை கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. வாசலில் நின்ற வண்டிக்குள் அம்மா. பலகையில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. 12345678, நடுவில் கொஞ்சம் இடைவெளி, பிறகு 87654321. அவ்வளவுதான்.

"முன்னாலேர்ந்து படிச்சாலும் பின்னாலேர்ந்து படிச்சாலும் ஒண்ணா இருக்கணும்னீங்க. இருக்குதேம்மா," என்றார் பெயிண்டர்.

"விட்டுத் தொலையேன்," என்று எரிந்து விழுந்தார் மாமா. அம்மாவின் தம்பி. "பேரே வேணாம்னு சொன்னதே பைத்தியக்காரத்தனம். பாக்குறவன் போன் நம்பர்னு நெனச்சு அடிச்சுப் பாக்கப்போறான்."

அடித்தால் அடிக்கட்டுமே. அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். காலமெல்லாம் அடுத்தவர்களின் எண்களை இணைத்துக்கொடுத்தவள். அவர்கள் பேசி முடிக்கும்வரை கையில் கிடைத்த காகிதத்தில் ஒன்றுகளைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121. மூன்று ஒன்றுகளை மூன்று ஒன்றுகளால் பெருக்கினால் 12321. ஒன்பது ஒன்றுகள்வரை இப்படியே ஏறலாம்: 12345678987654321. அதைத் தாண்டினால் அழகு குலைந்துவிடும்.

"உச்சியில ஒன்பது நிக்குற நம்பர் இருக்கு பாரு, அதான் என் நம்பர். பலகையில அத மட்டும் எழுதுங்க," என்று நேற்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். "உன் மாமன் குதிப்பான். நீ விட்றாத."

மகள் பெயிண்டரின் சாக்பீஸை எடுத்தாள். ஒன்பது போனால் என்னதான் மிஞ்சுகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். சுவரில் ஒன்பது ஒன்றுகளை எழுதினாள். கீழே, ஒன்று குறைத்து, எட்டு. பெருக்கிக் கூட்டினாள். பலகையில் இருந்த அதே எண் வந்து நின்றது.

"அப்ப நான் எழுதுனதும் கணக்குதானா!" பெயிண்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கணக்குதான். ஒரு பக்கம் ஒரே ஒரு ஒண்ணு கொறஞ்சா இதான் வரும்."

மாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொறஞ்சுதானேம்மா போச்சு," என்றார். "இதுவே இருக்கட்டுமே."

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"கொறஞ்சது நமக்கு மாமா. அவளுக்கு இல்ல. அவ முழுசாத்தான் போவா. ஒன்பது போடுங்கண்ணே."

"குழி வெட்டுனவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?" என்றார் மாமா.

"நிக்கட்டும்."

பெயிண்டர் மறுபடி தூரிகையை நனைத்தார். இடைவெளியில் ஒன்பது நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தது, மற்ற எண்களைவிடக் கொஞ்சம் தடிமனாக.

வண்டியின் கதவைத் திறந்தார்கள். யாரோ பலகையைத் தூக்க வந்தார். மாமா அவரை விலக்கிவிட்டு, இரண்டு ஓரங்களையும் பிடித்துத் தானே தூக்கிக்கொண்டார்.

"தள்ளிப் போங்க," என்று வழிநெடுக அதட்டிக்கொண்டே நடந்தார். "மேல பட்றாதீங்க. நடுவுல இன்னும் காயல."