வாய்ப்பே இல்லை

நர்ஸம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. மூத்த மகள் கல்லூரியில், இளையவள் பத்தாம் வகுப்பில். பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரியில் பெண்களுக்குக் கருத்தடைக்குக் காப்பர்-டி வைத்துவிடும் வேலை. அவளும் ஒன்று வைத்திருந்தாள். அப்படியும் நாள் தள்ளியது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "எட்டு வாரம். காப்பர்-டி கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு. அபூர்வம்தான், ஆனா நடக்கும்" என்றார்.

அதைக் கேட்டதும் அவளுக்குக் கணவனோ மகள்களோ நினைவுக்கு வரவில்லை. ஒரு தையல்காரி வந்து நின்றாள்.

ஆறு வருடம் முன்பு, கூட்டம் நெரிந்த ஒரு காலையில், கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தவள். "சிஸ்டர், நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாள். நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காப்பர்-டி இருக்குல்ல? வாய்ப்பே இல்ல. வீணா பயப்படாம வீட்டுக்குப் போங்க."

ஸ்கேன் பார்த்த நாளிலிருந்து அந்தத் தையல்காரி நினைப்பில் எங்கும் கூடவே வந்தாள். ஊசி போடும்போது திரைக்குப் பின்னால் நின்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள், பழைய பதிவேட்டில் முகவரியைத் தேடி எடுத்துக்கொண்டு நர்ஸம்மா கிளம்பினாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. தையல் மெஷின் அருகே ஒரு சிறுமி வெட்டுத் துணிகளைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். தையல்காரிக்குப் பார்த்ததும் ஆள் தெரிந்துவிட்டது. தைத்துக்கொண்டே பேசினாள்.

"உங்க பேச்சை நம்பி நாலு மாசம் சும்மா இருந்துட்டேன் சிஸ்டர். அப்புறம் கலைக்க முடியல. அவர்கிட்ட சொன்னேன். 'நர்ஸே வாய்ப்பில்லைன்னு சொல்லிட்டா, அப்ப இது யாரோடது?'ன்னார். அன்னைக்குப் போனவர்தான்."

நர்ஸம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. "எனக்கும் இப்ப அதேதான்" என்றாள்.

மெஷின் நின்றது. "உங்க வீட்டுக்காரர் நம்பினாரா?"

"நம்பினார். ஒரு கேள்வி கேக்கல."

"கொடுத்து வச்சவங்க. பெத்துக்கப் போறீங்களா?"

"இல்ல. வெள்ளிக்கிழமை கலைக்கிறேன்."

தையல்காரி கொஞ்ச நேரம் மகளையே பார்த்தாள். பிறகு ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். "காப்பர்-டி இருந்தாலும் பிள்ளை உண்டாகும்னு உங்க கையெழுத்துல எழுதிக் கொடுங்க."

"அவருக்கு அனுப்பவா?"

"அவர் கிடக்கார். அப்பா ஏன் போனார்னு நாளைக்கு இவ கேப்பாள்ல?"

நர்ஸம்மா எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் சிறுமி வந்து எட்டிப் பார்த்து, "கா... ப்... ப..." என்று எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். அம்மா வெடுக்கென்று தாளைப் பிடுங்கி மடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கணவன் கூடவே வந்தான். வலி இரண்டு நாளில் போய்விட்டது. எழுத்துக் கூட்டிய அந்தக் குரல்தான் இன்னும் போகவில்லை.