ஆட்டுப் படத்தின் கடைசிப் பத்து நிமிடம்

செல்வராணி தியேட்டரை இடித்துப் பதினாறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி மட்டும் வழக்கம்போல் நடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மகள் பூவிழிக்குப் பதினொரு வயது. மகன் மாறனுக்கு ஏழு. நான் ஒன்பது வயதில் மூன்று தடவை பார்த்த படத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆசை என்றால் அப்படி ஒன்றும் துடிக்கவில்லை. எனக்குப் பல வருடங்களாக எதுவும் துடிப்பதில்லை.

படத்துக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் ஆட்டுப் படம் என்போம். திருவிழாக் கூட்டத்தில் ஓர் அம்மா காணாமல் போகிறாள். அவளுடைய பிள்ளைகள் இருவர் ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடுகிறார்கள். ஆடு வழி காட்டுகிறது. வில்லனையும் முட்டுகிறது.

முடிவை நான் பார்த்ததில்லை. மூன்று தடவையும் பத்து நிமிடம் இருக்கும்போதே அப்பா எழுப்பிவிட்டார். "எழுந்திரு. அப்புறம் ஸ்டாண்டுல சைக்கிள எடுக்க முடியாது" என்பார். படம் விட்டால் முந்நூறு சைக்கிள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நாங்கள் ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் அம்மா அங்கே படுத்திருந்தாள்.

முடிவை அப்பா சைக்கிள் மிதித்துக்கொண்டே சொல்வார். படத்தில் அந்த அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிடுவாள். மூன்றாவது தடவை நாங்கள் போனபோது என் அம்மாவின் கட்டிலில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது என் மனைவி வசுமதி கேட்டாள்.

"முடிவே தெரியாத படத்துக்குப் பிள்ளைங்கள எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சு?"

படத்தில் அந்த அம்மா வந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. சிறு வயதில் பார்த்த படத்தைத் திரும்பப் பார்ப்பவர்கள் அங்கே படிவம் நிரப்ப வேண்டும். எழுத்தருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. கட்டடத்தோடு சேர்த்து இடித்துவிட்டார்கள். ஆனாலும் சுறுசுறுப்பாக இருந்தார்.

"சின்ன வயசுல இருந்ததுக்குச் சான்று?"

"இல்ல சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க." முத்திரை குத்தினார். "கடைசியா எந்த எடத்துல எழுந்து போனீங்க?"

"ஆடு பாலத்து நடுவுல நிக்கும். அங்க."

"அப்ப உங்களுக்கு அதுவரைக்கும்தான்."

"பிள்ளைங்களுக்கு?"

"அவங்க இன்னும் எழுந்திரிக்கலையே. முழுசும் உண்டு."

உள்ளே போகும் நடை நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் மாறனுக்கு ஒரு பல் விழுந்தது. கதவை அடைவதற்குள் புதுப் பல் முளைத்துவிட்டது. இரண்டு பேருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் பிள்ளைகள் நெளிந்தார்கள். "ஏம்ப்பா எல்லாரும் இந்தக் கத்து கத்திப் பேசறாங்க?" என்று பூவிழி கேட்டாள். நான் ஒவ்வொரு வசனத்தையும் நடிகர்களுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, சும்மா இருங்களேன்" என்றாள். சும்மா இருந்தேன். நடிகர்களும் சற்று நேரம் சும்மா இருந்தார்கள். பிறகு ஆடு வில்லனைக் கிணற்றில் தள்ளியது. மாறன் வாயிலிருந்த முறுக்கு தெறிக்கச் சிரித்தான்.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். நான் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் சந்தோஷம் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

ஆடு பாலத்துக்கு வந்தது. நடுவில் நின்றது. என் நாற்காலி மடங்கி என்னை நிற்க வைத்தது. அரங்கில் இன்னும் இருபது, முப்பது அப்பாக்கள் எழுந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"எங்கப்பா போறீங்க?" என்றாள் பூவிழி.

"ஸ்டாண்டுல கூட்டம் ஆயிடும்."

அப்பாக்கள் மட்டும் வரிசையாக வெளியே வந்தோம்.

ஸ்டாண்டில் கோதண்டம் இருந்தார். அப்பா காலத்திலும் டோக்கன் கொடுத்தவர் அவர்தான். நாங்கள் ஸ்கூட்டரில் வந்திருந்தோம். டோக்கனைக் கொடுத்தேன். அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் தகராறு செய்யவில்லை.

"அண்ணே, எங்கப்பா இந்தப் படத்தத் தனியா வந்து பாத்தாரா?"

"எதுக்கு?"

"முடிவு பாக்க."

"உங்கப்பாவா? அவரு எந்தப் படத்துக்குமே முடிவு வரைக்கும் ஒக்காந்ததில்ல தம்பி. இந்த எடத்துல வந்து நின்னுக்கிட்டு, 'என்ன ஆயிருக்கும் கோதண்டம்'னு என்னையக் கேப்பாரு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"நான் எங்க படம் பாத்தேன்? எனக்கு ஸ்டாண்டு வேலை."

உள்ளே அந்தப் பத்து நிமிடம் ரொம்ப நேரம் ஓடியது. கோதண்டம் இரண்டு தடவை முகச்சவரம் செய்துகொண்டார். நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

கடைசியில் கதவு திறந்தது. பூவிழி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

மாறன் வாயைத் திறந்தான். பூவிழி அவன் காலை மிதித்தாள்.

"வந்துட்டாங்கப்பா."

"யாரு?"

"அந்தம்மாதான். பாலத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து நடந்து வந்தாங்க."

"பஸ்ல வரலையா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"பஸ்லதான் வந்தாங்க. பாலத்துக்கிட்ட எறங்கி நடந்தாங்க."

அவளை முன்கம்பியில் உட்கார வைத்தேன். மாறன் பின்னால் கேரியரில் ஏறி என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். மிதிக்க ஆரம்பித்தேன். பின்னால் மற்ற சைக்கிள்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஆட்டப் பாத்து சிரிச்சாங்க" என்றாள் பூவிழி. "கையில ஒரு பை இருந்துச்சு."

"பையில என்ன?"

யோசித்தாள்.

"பலாச்சுளை. ரெண்டு பேருக்கும் ஊட்டி விட்டாங்க. ஆட்டுக்கும் குடுத்தாங்க."

முதுகில் என் சட்டை நனைந்து ஒட்டியது. மாறன் சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்புறம்?" என்று பூவிழியைக் கேட்டேன்.